பொங்கலுக்குப் பெயிண்ட் வேண்டாம்

எங்கள் அடுக்ககத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கும், வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும், திருவான்மியூர், பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் என்று கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இதே வயதுக் கட்டடங்களில் வாழும் மற்றவர்களுக்கும்,



வருகிற பொதுக்குழுவின் நிகழ்ச்சிநிரலில் நான்காவதாக ‘பால்கனி வெளிப்புறம்: பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தல்’ என்று போட்டிருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் மூன்றும், அதாவது லிஃப்ட் ஏ.எம்.சி., தண்ணீர் லாரிக் கணக்கு, செக்யூரிட்டி சம்பளம், வழக்கம்போல மதியச் சாப்பாடு வரை இழுக்கும். பசி நேரத்தில் நான்காவது வரும்போது எல்லோரும் கையைத் தூக்கிவிட்டுக் கிளம்புவோம். அப்படி அது நிறைவேறிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பொதுப்பணித்துறையில் கட்டடம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நேரில் பேச எழுந்தால் ‘மாமி கிளாஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டார்’ என்று நாலு பேர் காபி குடிக்கப் போய்விடுகிறீர்கள். எழுத்தாக இருந்தால் காபியோடு சேர்த்தே படிப்பீர்கள் என்று ஒரு நப்பாசை.

கட்டடம் பார்க்க நன்றாக இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பால்கனிகளின் அடியில் பழுப்புக் கோடுகள். கைப்பிடிச் சுவர்களில் கறுப்பு ஒழுக்கல். இரண்டாம் மாடி வடகிழக்கு மூலையில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. எதிர்மனையில் கண்ணாடித் தடுப்பு வைத்த புதுக் கட்டடம் எழும்பியதிலிருந்து நம்முடையது இன்னும் கிழடு தட்டித் தெரிகிறது. விற்க நினைப்பவர்களிடம் தரகர் இதைக் காட்டித்தான் விலையைக் குறைக்கிறார். தை பிறந்தால் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. வாசலில் வந்து இறங்கும் சம்பந்தி வீட்டார் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். எல்லாமே நியாயமான காரணங்கள்.

ஆனால் அந்தக் கறைகள், காசு கொடுக்காமல் நம் கையில் கிடைத்திருக்கும் சோதனை அறிக்கை. அதைப் படித்து முடிப்பதற்குள் அழித்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

எல்லாக் கறைக்கும் ஒரே அர்த்தம் கிடையாது. பூச்சின் மேல் சிலந்தி வலை மாதிரி ஓடும் மயிரிழை விரிசல்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பூச்சு காய்ந்தபோது சுருங்கியது, அவ்வளவுதான். அவற்றைப் பெயிண்ட் மூடிவிடும். கைப்பிடிச் சுவரின் கறுப்பு, பாசியும் பூஞ்சையும். சன்ஷேடுக்கும் தளத்துக்கும் அடியில் நுனியை ஒட்டி ஒரு சின்னக் காடி எடுத்திருந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டி விழுந்திருக்கும். நம் கட்டடத்தில் பாதி இடங்களில் அந்தக் காடி இல்லை. இருக்கும் இடங்களிலும் முன்னால் பெயிண்ட் அடித்தவர்கள் பட்டி வைத்து அடைத்துவிட்டார்கள். அதனால் தண்ணீர் தளத்தின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவர்வரை போகிறது. கிரில் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் வழியும் செம்மண் நிற ஒழுக்கல், கிரில்லின் துரு. அதைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பொருத்தை அடைத்தால் போதும். மூன்றாம் மாடியில் வளரும் அரசங்கன்று காக்கையின் உபயம். அதை மேலாக ஒடித்துவிட்டால் இன்னும் செழிப்பாக வரும், வேரோடு எடுக்க வேண்டும்.

வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இடங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். தண்ணீர் மேலேயிருந்து கான்கிரீட்டுக்குள் புகுந்து, உள்ளிருக்கும் சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு கீழே வந்து காய்ந்திருக்கிறது. உங்கள் பால்கனிக் கூரையில் உப்புப் பூத்தால் அதற்கான தண்ணீர் மேல்வீட்டுத் தரையில் இருக்கிறது. டைல்ஸ் இடுக்கு, நகானி டிராப்பின் கழுத்து, ஏ.சி. வெளிப்பெட்டியின் தண்ணீர்க் குழாய், பால்கனிக்குக் குடிபெயர்ந்த வாஷிங் மெஷின், தினமும் இரு வேளை தண்ணீர் குடிக்கும் தொட்டிச் செடிகள் என்று குற்றவாளிப் பட்டியல் சிறியதுதான். இதில் கீழ்வீட்டுக்காரர் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

என்னைத் தூங்கவிடாதது நேர்கோடாக ஓடும் விரிசல்தான். பால்கனி அடிப்பரப்பில் ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளிகளில், ஒன்றுக்கொன்று இணையாக, ஓரத்தில் பழுப்பு கசிய ஓடும் கோடுகள். கம்பி எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் அவை ஓடுகின்றன. கான்கிரீட்டுக்குள் இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சிமென்ட்டின் காரம். நல்ல கான்கிரீட்டின் பி.எச். 12, 13 என்று இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்து அதைக் காக்கிறது. படலம் கெடுவதற்கு இரண்டு வழிகள். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைப்பது ஒன்று, பி.எச். ஏறக்குறைய 9க்கு வந்துவிட்டால் படலம் நிற்காது. மற்றது கடற்காற்றின் உப்பு. காரம் குறையாமல் இருக்கும்போதே குளோரைடு படலத்தில் ஓட்டை போட்டுவிடும். நமக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது. இரும்பு துருவாக மாறினால் முன்பிருந்த இடத்தைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே அதற்கு இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. காரை தானாக உதிரவில்லை, கம்பி தள்ளிவிடுகிறது.

நம் கட்டடம் தொண்ணூறுகளின் முற்பகுதியில் எழும்பியது. அப்போது நடப்பிலிருந்த 1978ஆம் வருஷத்துக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, தளத்தின் கம்பிக்கு வெளியே 15 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் இருந்தால் போதும் என்றது. உப்புக் காற்று படும் இடங்களில் அதைக் கூட்டிக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருந்தது. நம் பில்டர் கூட்டினாரா என்று ஆராய லேப் தேவையில்லை. இரண்டாம் மாடி மூலையில் ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும். 2000ஆம் வருஷம் திருத்தி எழுதிய அதே விதிநூல், கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழலில் சேர்த்து, 45 மில்லிமீட்டர் கவரும் எம்.30 தரமும் கேட்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் நாம் முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறோம். கலவைக்குச் சேர்த்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று இப்போது யாரைப் போய்க் கேட்பது! கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பது விதி. நம் போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று புலம்பாத வீடு இங்கே இல்லை.

இன்னொன்றைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் பால்கனிகளுக்குக் கீழே தூண் இல்லை, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்பவை. அறையின் தளத்தில் பாரம் தாங்கும் முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். நீட்டுத் தளத்தில் அது மேல்பக்கம் இருக்கும், ஏனென்றால் நுனியில் பாரம் ஏறும்போது இழுபடுவது மேல்பக்கம். ஆகவே கீழே நின்று நாம் பார்த்துப் பதறும் துருக்கம்பி பெரும்பாலும் துணைக்கம்பிதான். தளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பி, மேல்வீட்டு டைல்ஸுக்கு அடியில், மேல்வீட்டுத் தண்ணீரில் ஊறிக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் இருக்கிறது. அடிப்பக்கம் மட்டும் பூசி மெழுகும் எந்த வேலையும் அதைத் தொடாது.

இப்போது நம் பால்கனிகளில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று பாருங்கள். குடியிருப்புப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ என்று கணக்கிட்டு வடிவமைக்கச் சொல்கிறது பாரங்களுக்கான விதிநூலான ஐ.எஸ். 875. நாலு பேர் நின்று தேரோட்டம் பார்க்க அது தாராளம். ஆனால் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே 5 சென்டிமீட்டர் கலவை போட்டுப் புது டைல்ஸ் ஒட்டினால், சதுர மீட்டருக்கு 100 கிலோ அன்றைக்கே ஏறி உட்கார்ந்துவிடுகிறது, எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சரி, பழையதை உடைத்தே எடுக்கிறோம் என்று பிரேக்கர் வைத்துத் தோண்டினால் முதலில் அடிபடுவது மேலே சொன்ன முக்கியக் கம்பி. பால்கனியின் நுனியில் செங்கல் சுவர் எழுப்பி, ஸ்லைடிங் ஜன்னல் போட்டு, ‘ஸ்டடி’ ஆக்கிக்கொண்டவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்த மடல் வேறு திசைக்குப் போய்விடும். அவர்கள் யார் என்று அவர்களுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

எல்லோரும் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பால்கனிக் கதவின் நிலையை ஒட்டி, சுவருக்கு இணையாக, தரையில் டைல்ஸ் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். தரை வெளிப்பக்கமாக முன்பைவிடச் சரிந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் பக்கச் சுவரும் சேருமிடம் விலகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தப் பால்கனிக்குள் போகாதீர்கள், எனக்கோ செயலாளருக்கோ உடனே சொல்லுங்கள். முட்டு கொடுப்பதென்றால் தரையிலிருந்து ஒவ்வொரு மாடியாக வரிசை பிசகாமல் கொடுத்து வர வேண்டும். கீழ்வீட்டுப் பால்கனியின் தலையில் மட்டும் முட்டு நிறுத்தினால், பாரத்தை அதனிடம் தள்ளிவிடுகிறோம்.

பெயிண்ட் காண்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனைப் படித்தேன். ‘கிராக் ஃபில்லிங் வித் பட்டி’ என்று ஒரு வரி, அப்புறம் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன், பல வருஷ வாரண்டி. வாரண்டி பெயிண்டுக்குத்தான், பெயிண்டுக்குப் பின்னால் இருப்பதற்கு இல்லை. வடகிழக்குப் பருவமழை மார்கழியின் முன்பாதி வரை நின்று நிதானமாகப் பெய்துவிட்டுப் போகிறது. ஈரம் வற்றாத சுவரைப் பொங்கலுக்காக உடனே பெயிண்டால் மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். கோடையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதற்குள் காண்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார்.

முறையான வேலை வேறு மாதிரி. முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும், அதாவது மேலே குழாய்க் கழுத்து, டைல்ஸ் இடுக்கு, வாட்டம். அடுத்து ஒவ்வொரு அங்குலமாகச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது, பொக்கென்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது, எத்தனை அழகாகத் தெரிந்தாலும் அது கீழே வந்தாக வேண்டும். உடைத்த புதுமுகத்தில் பினால்ஃப்தலீன் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காரம் போனது நிறமே மாறாது. பள்ளிக்கூட லேபில் பார்த்ததுதான். உப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு மட்டும் கான்கிரீட் தூள் எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பிறகு கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழைகிற அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியை வெள்ளி மாதிரி சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மெலிந்த இடத்தில் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நிரப்ப வேண்டும். கியூரிங் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் பெயிண்ட்.

இதிலும் ஒரு பொறி உண்டு. உப்பு ஏறிய கான்கிரீட்டில் ஒட்டு வேலையாக ஓரிடத்தை மட்டும் புதிதாக்கினால், புதுக்கலவைக்குள் இருக்கும் கம்பி பிழைக்கும்; ஒட்டின் விளிம்பில் பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். மின்வேதியியலின் விளையாட்டு அது. அதனால்தான் ‘என் பால்கனி மூலையை மட்டும் என் செலவில் சரிசெய்துகொள்கிறேன்’ என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களையும் நான் தடுக்கிறேன். ஒட்டின் ஓரத்தில் துத்தநாக ஆனோடு வைப்பதா, இன்னும் அகலமாகக் கொத்துவதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சோதனை முடிவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பழைய ஆள், என் வார்த்தையையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

இனிப் பணம். என் தரை, கீழ்வீட்டுக்காரரின் கூரை; நடுவில் இருக்கும் கான்கிரீட் யாருடையது? அடித்தளம், தூண், உத்தரம், முக்கியச் சுவர், கூரை எல்லாம் பொது என்பதுதான் அடுக்கக வாழ்க்கையின் அடிப்படை. 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் இயற்றப்பட்டு, 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்கக உரிமைச் சட்டமும் பொதுப் பகுதிகளைச் சங்கத்தின் கையில்தான் வைத்திருக்கிறது. பால்கனித் தளம் உத்தரத்தோடு ஒன்றாகக் கம்பி கட்டி வார்த்தது. அதைப் பொது என்றே கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. கான்கிரீட்டும் கம்பியும் நீர்க்காப்பும் நிலத்தில் அவரவர் பங்கான யு.டி.எஸ். விகிதத்தில் எல்லோர் செலவு. அதன் மேல் எந்த டைல்ஸ் என்பது அவரவர் ஆசை, அவரவர் செலவு. ‘என் வீட்டுக்குப் பால்கனியே பின்பக்கம்தான், அங்கே ஒன்றும் விழவில்லையே’ என்று தரைத்தளத்திலிருந்து குரல் வரும். காரை விழுவது தரைத்தளத்து வாசலில் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். (எதிர்மனைப் புதுக் கட்டடத்துக்காரர்களுக்கு இடையில் ஒரு வரி: ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறையையோ வேலைத்தரக் குறையையோ பில்டரின் கவனத்துக்குக் கொண்டுபோனால் 30 நாளுக்குள் அவர் செலவில் சரிசெய்து தர வேண்டும். கண்ணாடித் தடுப்பைத் துடைக்கும்போது அடிப்பக்கத்தையும் பார்த்து, போட்டோ எடுத்து, எழுத்தில் அனுப்பிவையுங்கள்.)

2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து அரசு வாரியக் குடியிருப்பில் சன்ஷேடு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதே கடல், அதே காற்று. வாரியக் குடியிருப்புதானே, நம்முடையது தனியார் கட்டியது என்று துருவுக்குத் தெரியாது.

தூரத்திலிருந்தும் ஒன்று. அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் கடற்கரை ஊரான சர்ஃப்சைடில், சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடி அடுக்ககம் 2021 ஜூன் 24 அதிகாலையில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத்தை ஒட்டிய தளத்தின் நீர்க்காப்பு கெட்டு, அடியில் கான்கிரீட் சிதைகிறது என்று ஒரு பொறியாளர் 2018லேயே எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்றரைக் கோடி டாலர் பழுதுபார்ப்புக்கு யார் எவ்வளவு போடுவது என்பது இழுத்து இழுத்து, 2021இல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. அங்கே வடிவமைப்பிலேயே குறைகள் இருந்தன. நம் கட்டடம் அப்படி விழும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்தக் கதையில் எனக்கு மிகவும் பழக்கமாகத் தெரிவது அவர்களுடைய பொதுக்குழு.

சிங்கப்பூரில் 2022 முதல், 20 வயதைத் தாண்டிய, 13 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களின் வெளிப்புறத்தை 7 வருஷத்துக்கு ஒருமுறை தகுதியானவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று சட்டம். தரைத்தளமும் நாலு மாடியும் சேர்த்தால் நாமும் அந்தக் கணக்கில் வருவோம். நம் கதவை இதற்காக இதுவரை யாரும் தட்டியதில்லை. நாமே கூப்பிட்டால்தான் உண்டு.

ஆகவே நான்காவது தீர்மானத்தை இப்படி மாற்றிக் கேட்கிறேன். பெயிண்டுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து முதலில் எல்லாப் பால்கனிகளுக்கும் கட்டமைப்புச் சோதனை, தையில். அறிக்கையை எல்லோருக்கும் அனுப்பிய பிறகு பழுதுபார்ப்புக்குத் தனிக் கொட்டேஷன்கள். பெயிண்ட் காண்ட்ராக்டரிடம் அல்ல, கான்கிரீட் பழுது வேலை செய்த அனுபவம் காட்டுகிறவர்களிடம் மட்டும். வேலை மாசி, பங்குனியில். பெயிண்ட் வைகாசிக்குள், அடுத்த மழைக்கு வெகு முன்னால். நிறம் எது என்ற சண்டையை அப்போது வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த ஊதா வேண்டாம் என்பதை இப்போதே பதிவு செய்கிறேன்.

தை கல்யாண வீட்டுக்காரர்களுக்கு: வாசல் பக்கம் சீரியல் லைட்டும் வாழைமரமும் கட்டிக்கொள்ளுங்கள், துணிப் பந்தலும் போடலாம். பந்தல் கயிற்றைப் பால்கனிக் கைப்பிடியில் மட்டும் கட்டாதீர்கள்.

தீர்மானம் எப்படிப் போனாலும் இந்த வாரம் நடந்தாக வேண்டியவை சில. இரண்டாம் மாடி மூலையில் தொங்கும் காரையைக் கொத்தனாரை வைத்து இறக்கிவிட ஞாயிறு காலை ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் கீழே வண்டி நிறுத்த வேண்டாம், பிள்ளைகளை விளையாட விட வேண்டாம். வாட்ச்மேன் நாற்காலியை இப்போதே அங்கிருந்து நகர்த்தியாயிற்று. நுனியில் வரிசைகட்டி நிற்கும் பெரிய தொட்டிகளைச் சுவர்ப் பக்கம் தள்ளிவையுங்கள், துளசி மாடம் உட்பட. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்கள் தங்கள் வாக்கை எழுத்தில் செயலாளருக்கு அனுப்பிவிடுங்கள். போன முறை கோரம் இல்லையென்று ஒத்திவைத்த கூட்டம் இது.

இப்படிக்கு,
முதல் மாடி, தெற்குப் பக்கத்து வீடு